பொய் சொல்லா மாணிக்கம்: ஒரு துணைவேந்தரின் பின்புலத்தை எப்படிப் படிப்பது?

புதுசா ஒரு துணைவேந்தர் பொறுப்பேற்றால் வரும் செய்திக்கு ஓர் அச்சு இருக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தார், எத்தனை ஆய்வுக் கட்டுரை, எத்தனை பேருக்கு முனைவர் பட்ட வழிகாட்டி, எந்தெந்த நாட்டுக்குப் போய் வந்தார். கடைசிப் பத்தியில், "ஆராய்ச்சித் தரத்தை உயர்த்துவேன், மாணவர் நலனே முதன்மை" என்று ஒரு வாக்கியம். பெயரை மட்டும் மாற்றினால் எல்லா துணைவேந்தருக்கும் பொருந்தும். படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர், அரசுப் பள்ளி, முழுக்கத் தமிழ் வழி. "மாமா, காலேஜ்ல தமிழ் மீடியத்துல சேரவா, இங்கிலீஷ் மீடியத்துல சேரவா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பழைய நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தேன். அது என்னை 1979க்கும், அந்த வருடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்த ஒரு மனிதரிடமும் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் வ.சுப. மாணிக்கம். சுருக்கமாக வ.சுப.மா.

1979இல் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம்?

முதலில் நிலவியலைப் பார்த்துவிடலாம். 1966 வரை தென்மாவட்டங்களில் கல்லூரிப் பட்டம் என்றால் அது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அந்த ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. 1978இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது.

அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் இன்றைக்கு நாம் பார்க்கிற துண்டு இல்லை. இன்றைய சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அதற்குள் இருந்தன. 1985இல்தான் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் செட்டிநாட்டுக் கல்வீடுகள், இன்னொரு பக்கம் சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள், கிழக்கே தொண்டி முதல் ராமேஸ்வரம் வழியாகச் சாயல்குடி வரை கடல். இத்தனையும் ஒரே மாவட்டம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் திறந்தது 1988இல்தான். 1979இல் தீவிலிருந்து ஒரு பையன் மதுரைக்குப் போக வேண்டுமென்றால், 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம்தான் வழி. மீட்டர் கேஜ் ரயில். சுமார் 170 கிலோமீட்டர். மதுரையில் இறங்கி, தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் பல்கலைக்கழக வளாகம். ஒரு மதிப்பெண் பட்டியலில் திருத்தம் என்றாலும் ஒரு நாள் கூலி போச்சு, ரயில் செலவும் ஆச்சு.

1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது எங்கள் பக்கம் பெரிய விஷயம். தபால்காரர் பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது துணைவேந்தர் மு. வரதராசன். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்துத் தமிழ்ப் புலவர் ஆனவர். அஞ்சல்வழிக் கல்வியை ஒரே ஆளின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் அப்படிப் படித்த ஒருவர் நாற்காலியில் இருக்கும்போது அந்தத் திட்டத்துக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரங்கூன் கடையும் ஒரு பொய்யும்

வ.சுப.மா. 1917 ஏப்ரல் 17 அன்று மேலைச்சிவபுரியில் பிறந்தார். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தவர். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் போகிற வழியிலேயே அவரும் போனார். வட்டித்தொழில் பழக ரங்கூன்.

அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் தமிழ்ப் படித்தவர்களுக்குத் தெரியும். வருமான வரி அதிகாரி வருகிறார். முதலாளி உள்ளே இருக்கிறார். "நான் இல்லைன்னு சொல்லு" என்கிறார். பையன் மறுக்கிறான். வேலை போகிறது. ஊர் திரும்பிய அந்தப் பையனுக்கு "பொய் சொல்லா மாணிக்கம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருவரைப் பெரியவர் ஆக்கிய பிறகு அவருடைய இளமைக்கு அழகான கதை தேடுவது நம் வழக்கம். அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்து நடந்ததைப் பார்த்தேன். அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கடை வேலை போன இளைஞனுக்குப் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியாரின் தொடர்பு கிடைத்தது. மேலைச்சிவபுரியில் 1909இலேயே சன்மார்க்க சபை என்ற தமிழ்க் கல்வி அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தவர் பண்டிதமணி. அதாவது, வணிகம் தவிர வேறு வாழ்க்கையும் உண்டு என்று காட்ட அந்தச் சின்ன ஊரில் ஓர் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. மாணிக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் படித்தார். பிறகு அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 1948இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு வந்து பேராசிரியராகவும் பிறகு முதல்வராகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1970இல் மறுபடி அண்ணாமலை, தமிழ்த்துறைத் தலைவராக. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

சங்க அகப்பாடல்களைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு தமிழில் "தமிழ்க் காதல்" என்ற நூலாக இன்றும் படிக்கப்படுகிறது. "வள்ளுவம்", "கம்பர்" என்று மற்ற நூல்களும் உண்டு.

இந்த வரிசையில் ஒரு விஷயம் கவனிக்கணும். நேர்க்கோட்டில் பள்ளி, கல்லூரி, ஆய்வு என்று போன வாழ்க்கை இல்லை இது. நடுவில் கடை, கப்பல், கணக்குப் புத்தகம். படிப்பு அவருக்கு இரண்டாவது வாய்ப்பாகக் கிடைத்தது. தமிழ் வழியாகக் கிடைத்தது. அந்தச் சன்மார்க்க சபை இல்லாவிட்டால் அவர் யாராகியிருப்பார் என்பதை அவர் மறக்கவில்லை. காரைக்குடியில் தன் வீட்டுக்கு ஆசிரியர் பெயரால் "கதிரகம்" என்று பெயர் வைத்தார். சொத்தில் ஒரு பகுதியை ஊர்நலத்துக்கு எழுதி வைத்தார்.

அதே நாற்காலி, எதிரெதிர் பார்வை

பின்புலம் முன்னுரிமையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு மதுரையிலேயே நல்ல ஒப்பீடு இருக்கிறது. வ.சுப.மா.வுக்கு முன், 1978–79இல், அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் வா.செ. குழந்தைசாமி. கரூர்ப் பக்கத்துக்காரர். நீரியல் பொறியாளர். மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் எப்போது வரும் என்று கணிக்கும் மாதிரி ஒன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. கவிஞரும்கூட, "வாழும் வள்ளுவம்" நூலுக்கு 1988இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார்.

இருவருக்கும் தமிழ்ப்பற்று. இருவரும் வள்ளுவர் பற்றி எழுதியவர்கள். ஆனால் எழுத்துச் சீர்திருத்தம் என்று வந்தால் நேர் எதிர். 1978இல் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை போன்ற எழுத்துகளுக்கு நாம் இப்போது எழுதும் வடிவம் அப்போது வந்ததுதான். குழந்தைசாமி அதற்கு மேலும் போக வேண்டும் என்றார். உகர, ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருப்பது குழந்தைகளுக்குச் சுமை, தனிக் குறி போதும் என்பது அவர் வாதம். வ.சுப.மா. எதிர்த்தார். "எழுத்துச் சீர்திருத்தம் எங்கே போய் முடியும்?" என்று ஒரு நூலே எழுதினார்.

இதில் யார் சரி என்பது வேறு விவாதம். நான் பார்ப்பது இதைத்தான். பொறியாளர் எழுத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கிறார். அமைப்பில் தேவையில்லாத உறுப்பு இருந்தால் குறைக்கலாம். புலவர் எழுத்தைக் கைமாறி வந்த முதலாகப் பார்க்கிறார். முதலில் கைவைத்தால் பழைய நூல்களோடு உள்ள கணக்கு முறிந்துவிடும். செட்டிநாட்டுக் கடையில் கணக்கு பார்த்த பையன் அல்லவா! செய்திக் குறிப்பில் இருவருக்கும் "தமிழ் வளர்ச்சியில் ஆர்வம் கொண்டவர்" என்று ஒரே வரிதான் எழுதியிருப்பார்கள். அந்த வரியை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அவர் எதை முன்வைத்தார்

வ.சுப.மா.வின் முதல் முன்னுரிமை தமிழ்வழிக் கல்வி. தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பயிற்றுமொழி தமிழாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு, ஆங்கிலத்தின் வழியாக எல்லாவற்றையும் கற்பது வேறு என்ற வேறுபாட்டை அவரைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம் ஊரில் இந்த இரண்டும் இன்றும் குழப்பப்படுகின்றன. "இங்கிலீஷ் வேணாமா?" என்று கேட்பார்கள். வேணும். பாடமாக வேணும்.

ஆனால் ஒரு துணைவேந்தர் நினைத்தால் இதை நடத்திவிட முடியுமா? இங்கேதான் அந்தப் பதவியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேந்தர் ஆளுநர். இணைவேந்தர் கல்வி அமைச்சர். துணைவேந்தர்தான் அன்றாட நிர்வாகத் தலைவர். பணமும் பணியிடமும் ஆட்சிக்குழுவின் கையில். பாடத்திட்டம் கல்விக்குழுவின் கையில். பேரவை என்று இன்னொரு பெரிய அவை. துணைவேந்தர் ஆட்சிக்குழுவுக்கும் கல்விக்குழுவுக்கும் தலைமை வகிப்பார். எதை முதலில் எடுத்துப் பேசுவது என்று தீர்மானிக்கலாம். ஆனால் கல்லூரிக்கு ஆசிரியர் கொடுப்பது அரசு. பாடநூல் வேண்டும். படித்து முடித்தவனுக்கு வேலை வேண்டும். பதவிக்காலமோ மூன்று வருடம். முதல் வருடம் கோப்பு புரிய, மூன்றாம் வருடம் அடுத்தவர் யார் என்ற பேச்சு. நடுவில் ஒரு வருடம் மிஞ்சும்.

தமிழ்வழிப் பட்டப்படிப்புக்கு முன்கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனை முயற்சியாகக் கலைப் பாடங்களைத் தமிழில் நடத்தினார்கள். அதற்காகவே கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. பிறகு தமிழ் வழி பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஆனால் வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களில் பரவிய அளவுக்கு அறிவியலில் பரவவில்லை. தமிழ் வழி என்றால் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஆங்கில வழி என்றால் வேலைக்கு என்ற பிரிவு மெல்ல உறைந்துவிட்டது.

வ.சுப.மா.வின் மூன்று வருடத்தில் அந்தப் பிரிவு உடையவில்லை. தமிழுக்கென்று பெரிய நிகழ்வுகள் அப்போது நடந்தன. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையிலேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ் ஆராய்ச்சிக்கு ஒரு முழுப் பல்கலைக்கழகமே கிடைத்தது. ஆனால் தமிழில் வேதியியல் படிக்க நினைக்கிற ராமநாதபுரத்துப் பையனுக்கு அதனால் எதுவும் மாறவில்லை. தமிழைப் படிப்பதும் தமிழில் படிப்பதும் வேறு வேறு என்பது அந்த ஆண்டுகளில் மறுபடி தெளிவானது.

அவர் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்ததை வைத்து நான் அப்படி நினைக்கிறேன். முன்னாள் துணைவேந்தர்கள் பொதுவாகக் குழுக்களில் உட்காருவார்கள், மாலை வாங்குவார்கள். எழுபது வயதில் இவர் தமிழ்வழிக் கல்வி இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாற்காலியில் இருந்தபோது முடியாததைத் தெருவில் நின்று கேட்டார். 1989 ஏப்ரலில் இறந்தார்.

இதனால்தான் அந்த ரங்கூன் கதையை இப்போது நான் ஓரளவு நம்புகிறேன். பதவிக்காக ஒன்று, பதவி போனபின் ஒன்று என்று பேசாத ஆள்.

அப்புறம் கடற்கரைக்கு என்ன ஆச்சு?

1985இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அழகப்பச் செட்டியார் கட்டிய கல்வி வளாகம், வ.சுப.மா. பாடம் நடத்திய அதே மண். பிறகு ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. தூரம் குறைந்தது.

கடலும் பாடமானது. மண்டபத்தில் 1940களின் இறுதியிலிருந்தே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் தொடர்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் புதுமடத்தில் கடல்சார் ஆய்வு மையம் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையும் கடற்புல்லும் கடல் பசுவும் அங்கே ஆய்வுப் பொருள்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாக் நீரிணையில் காலங்காலமாக வலை போடும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு மீனின் பெயர், நீரோட்டம், காற்றின் திசை எல்லாம் தமிழில் தெரியும். வாடைக்காற்று எப்போது திரும்பும், எந்தப் பாரில் எந்த மீன் அடையும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். அதே பிள்ளை கடலியல் படிக்க வந்தால், தெரிந்ததை எல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தெரியாத மொழியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். வ.சுப.மா. சொன்னது மொழிப் பெருமை என்று நினைத்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

2010இல் இரண்டு விஷயம் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. வ.சுப.மா. காலத்தில் இல்லாத கண்ணி இதுதான். படிப்பையும் வேலையையும் இணைக்கும் கண்ணி. ஆனாலும் 2023இல், சேர்க்கை குறைவு என்று சொல்லி 11 உறுப்புக் கல்லூரிகளில் அந்தத் தமிழ் வழிப் பிரிவுகளை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் ஒரு கதவைத் திறந்தால், வகுப்பறை காலியாகி இன்னொரு கதவு மூடப் பார்க்கிறது.

அடுத்த அறிவிப்பு வரும்போது

இப்போது துணைவேந்தர் நியமனம் என்றாலே யார் நியமிப்பது என்ற சண்டைதான் செய்தி. வழக்கமான முறையில் மூவர் கொண்ட தேடல் குழு மூன்று பெயர் தரும், வேந்தர் ஒருவரைத் தேர்வார். அந்த அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல், பொறுப்புக் குழுவை வைத்து ஓடின.

யார் நியமிப்பது என்பது முக்கியம்தான். ஆனால் வருபவர் யார் என்று கேட்க நாம் மறந்துவிட்டோம். அடுத்த செய்திக் குறிப்பு வரும்போது நான் மூன்று விஷயம் தேடப் போகிறேன். அவருக்குப் படிப்பு எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார்கள்? ஏற்கெனவே ஒரு துறையையோ கல்லூரியையோ நடத்தியபோது எதற்காகச் சண்டை போட்டார், எதை விட்டுக்கொடுத்தார்? அவர் முன்னுரிமை என்று சொல்வது தொண்டியிலோ பாம்பனிலோ இருக்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் எந்த வருடம் எந்த வடிவில் தெரியும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் அது முன்னுரிமை இல்லை, வாழ்த்துரை.

அக்கா மகனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே. 20 விழுக்காடு சட்டத்தை 2020இல் திருத்தினார்கள்; பட்டம் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். இவன் அந்தப் படியெல்லாம் ஏறி வந்துவிட்டான். பட்டப்படிப்பில் மாறினால், பட்டம் கேட்கிற வேலைகளுக்கு அந்த உரிமை போய்விடும். அதைச் சொன்னேன். ஆங்கிலத்தைத் தனியாக, தினமும், வெட்கப்படாமல் படிக்கச் சொன்னேன்.

"அப்போ தமிழ் மீடியமே எடுக்கவா மாமா?" என்றான்.

"எந்தப் பாடம் எடுக்கப்போற?"

"கெமிஸ்ட்ரி."

அவன் சேர நினைக்கும் கல்லூரியில் வேதியியல் தமிழ் வழி இருக்கிறதா என்று விசாரித்தோம். இல்லை.

1979இல் வ.சுப.மா. நாற்காலியில் உட்கார்ந்தபோது இருந்த கேள்வி, பாம்பனில் பாலம் மேல் பாலம் கட்டிய பிறகும், எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.